பாவிச்ச 3090 வேண்டலாமோ, விடலாமோ?

கேள்வி: 2025 யூலை 26

அண்ணையாக்கள், யாழ்ப்பாணம் கொக்குவிலிலை இருந்து எழுதுறன். கொழும்பு வெள்ளவத்தையிலை ஒருத்தர் என்விடியாவின்ரை ஆர்டிஎக்ஸ் 3090 விக்கிறார், கேமுக்குப் போடுற கிராபிக்ஸ் கார்ட் (வீஜீஏ). 24 ஜீபீ. இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் சொல்லுறார். மைனிங்குக்கு (கார்ட்டை ஓட்டிக் கிரிப்டோக் காசு உழைக்கிறது) பாவிக்கேல்லை, கேம் மட்டும்தான் விளையாடினது எண்டார். காசை பாங்கிலை போட்டால் இரவு பஸ்ஸிலை பார்சல் போட்டு விடுறாராம். இந்தக் காசுக்குப் புதுசா இவ்வளவு பெரிய வீஜீஏ கிடையாது. வேண்டலாமோ?

பதில்: யூலை 26, இரவு 9.40

காசைப் போடாதையும் தம்பி. முதல் அது. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

விக்கிறவர் கள்ளர் எண்டு நான் சொல்லேல்லை. ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் ஐஞ்சு வருசப் பழைய கார்ட் ஒண்டு பஸ்ஸின்ரை பெட்டிக்குள்ளை 400 கிலோமீற்றர் குலுங்கி வந்து உம்மடை வீட்டிலை ஓடாட்டி, அது அங்கையே பழுதோ, வழியிலை பழுதானதோ எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. "நான் குடுக்கேக்கை ஓடினது" எண்டு அவர் சொல்லுவார். அது உண்மையாயும் இருக்கலாம். 3090 எண்டால் கன மொடல் ஒண்டரைக் கிலோவைத் தாண்டும், சிலது இரண்டு கிலோவையும் தாண்டும். அவ்வளவு பாரமும் ஒரு மெல்லிய போர்ட்டிலை தொங்குது. ஒறிஜினல் பெட்டியும் உள்ளுக்கிருந்த ஸ்பொஞ்சும் இல்லாமல் அதை பார்சல் போடுறது நல்லதில்லை.

உம்மடை மொனிற்றர் என்ன, பவர் சப்ளை என்ன, சிபியூ என்ன எண்டு எழுதும். அது தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல ஏலாது.

யூலை 26, இரவு 11.15

நித்திரை வரேல்லை, இதையும் எழுதி விடுறன்.

3090 வந்தது 2020 செப்டெம்பரிலை. அப்ப அமெரிக்காவிலை 1,499 டொலர். 350 வாட்ஸ். உள்ளுக்கு ஜீடீடீஆர் 6எக்ஸ் மெமரி, ஒவ்வொரு சிப்பும் 1 ஜீபீ, எல்லாமா 24 சிப். இதுதான் இந்தக் கார்ட்டின்ரை கதையே. 24 சிப்பையும் ஒரு பக்கத்திலை வைக்க இடமில்லை எண்டு பாதியை போர்ட்டின்ரை பின்பக்கத்திலை வைச்சிட்டாங்கள். முன்பக்கத்துச் சிப்புகளுக்குப் பெரிய ஹீட்சிங்கும் ஃபானும் இருக்கு. பின்பக்கத்துச் சிப்புகளுக்கு ஒரு தெர்மல் பாட் (சூட்டைக் கடத்துற மெல்லிய மெத்து), அதுக்கு மேலை ஒரு தகடு, அவ்வளவுதான். காத்து அடிக்காது. அந்த மெமரி 110 பாகையைத் தொட்டால் கார்ட் தானாக வேகத்தைக் குறைக்கும். புதுசா இருக்கேக்கையே நூறுக்கு மேலை போன 3090 கன இருக்கு.

பிறகு வந்த 3090 டிஐ, 2022 மார்ச்சிலை, 2 ஜீபீ சிப்பைப் பாவிச்சு எல்லாத்தையும் முன்பக்கத்துக்குக் கொண்டு வந்திட்டுது. அதிலை இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது 450 வாட்ஸ் குடிக்கும்.

ஆகவே 3090 பாக்கேக்கை "சூடு எவ்வளவு" எண்டு மொட்டையாக் கேக்கிறதிலை பயனில்லை. கோர், அதாவது நடுவிலை இருக்கிற பெரிய சிப், 70 எண்டு காட்டும், நல்லா இருக்கெண்டு நினைப்பீர். பின்பக்கத்து மெமரி அதேநேரம் 108 இலை நிக்கும்.

யூலை 27

மேலை ஒருத்தர் எழுதியிருக்கிறார், மைனிங் செய்த கார்ட் எண்டால் செத்த கார்ட், தொடவே கூடாது எண்டு. நான் அப்பிடி நினைக்கேல்லை. நான் இப்ப பாவிக்கிற 3080, இதே தொடரின்ரை சின்னக் கார்ட், மைனிங்கிலை ஓடினதுதான். தெரிஞ்சுதான் வேண்டினனான், விலையும் அதுக்கேத்த மாதிரித்தான் பேசினது. பாட் எல்லாம் மாத்தினாப் பிறகு இண்டு வரைக்கும் ஒரு தொல்லையும் தரேல்லை.

எதீரியம் எண்ட கிரிப்டோக் காசுக்கு மைனிங் செய்தவை கோருக்கு வோல்ட்டேஜைக் குறைச்சு வைப்பினம், கரண்ட் மிச்சம் பிடிக்க. அதாலை கோர் பெரிசா அடிபடாது. அடிபடுறது மெமரி. இரவு பகலா அதைக் கூட்டின வேகத்திலை ஓட்டுவினம். அடுத்தது ஃபான், அதின்ரை பெயாரிங் தேயும். பாட் காய்ஞ்சு எண்ணெய் விடும். ஃபானும் பாட்டும் மாத்தக்கூடிய சாமான். மெமரிச் சிப் கெட்டால் யாழ்ப்பாணத்திலை அதைக் கழட்டி வேறை போட்டுத் தாற ஆளை எனக்குத் தெரியாது.

3080, 3070 எல்லாத்துக்கும் 2021 நடுப்பகுதியிலை இருந்து மைனிங் வேகத்தைக் குறைக்கிற பூட்டுப் போட்டு விட்டவங்கள். 3090 க்கு அந்தப் பூட்டு வரவேயில்லை. அதாலை மைனிங்காரர் தேடித் தேடி வேண்டின கார்ட் இது. 2022 செப்டெம்பர் 15 இலை எதீரியம் மைனிங் முறையையே கைவிட, அந்தக் கார்ட்டெல்லாம் அடுத்த நாளே உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தது. "மைனிங் செய்யேல்லை" எண்ட சொல்லை நம்பி விலை குடுக்க ஏலாது, செய்திருந்தால் ஓடவேண்டிய அவசியமும் இல்லை. கார்ட்டைத்தான் பாக்கோணும்.

யூலை 29

தம்பி விபரம் போட்டிருக்கிறார். ஐ5 10400, 16 ஜீபீ ராம், 24 இஞ்சி மொனிற்றர் 1080பீ 75 ஹேட்ஸ், கேசிங்கோடை வந்த 550 வாட்ஸ் பவர் சப்ளை, 650 வீஏ யூபிஎஸ்.

இனி வேறை கதை. இவ்வளவு நேரமும் நாங்கள் கார்ட்டைப் பற்றிக் கதைச்சம், பிரச்சினை கார்ட்டிலை இல்லை.

1080பீ 75 ஹேட்ஸ் மொனிற்றருக்கு 3090 கொண்டு வந்தால் கார்ட் பாதி நேரம் சும்மா இருக்கும். அந்தச் சிபியூ பிறேம் (திரையிலை ஒண்டுக்குப் பின் ஒண்டா வாற படம்) குடுக்கிற வேகத்துக்குக் கார்ட் காத்துக் கொண்டிருக்கும். மொனிற்றர் பிறகு மாத்துவன் எண்டு எழுதியிருக்கிறீர், 1440பீ. சரி. அப்ப அந்தக் காசையும் இந்தக் கணக்கிலை சேர்த்துக் கொள்ளும்.

பவர் சப்ளை கட்டாயம் மாத்தோணும். 3090 க்கு என்விடியா சொல்லுறது குறைஞ்சது 750 வாட்ஸ். 350 எண்டது சராசரி. கேமிலை ஒரு காட்சி மாறேக்கை மில்லி செக்கன் கணக்கிலை அதை நல்லாத் தாண்டி இழுக்கும். மலிவான சப்ளை அதைத் தாங்காமல் அப்பிடியே நிண்டு போகும். திரை கறுக்கும், கம்பியூட்டர் திரும்பத் தொடங்கும், நீர் கார்ட் பழுது எண்டு நினைப்பீர். கேசிங்கோடை வாற சப்ளையிலை பெட்டியிலை அடிச்சிருக்கிற வாட்ஸை அப்பிடியே நம்பவும் ஏலாது. இரண்டு அல்லது மூண்டு எட்டுப் பின் கனெக்டர் வேணும், ஒவ்வொண்டுக்கும் தனி வயர். ஒரே வயரிலை இரண்டு தலை இருக்கிறதைக் கொழுவி ஓட்ட வேண்டாம்.

அடுத்தது யூபிஎஸ். 650 வீஏ எண்டால் உண்மையான வாட்ஸ் 360, 390 அளவிலைதான். 3090 ஓட சுவரிலை இருந்து 500 க்குக் கிட்ட இழுக்கும். எங்கடை பக்கம் கரண்ட் நிண்டு வாறது உமக்குத் தெரியும். கரண்ட் நிக்கிற அந்த நேரத்திலை யூபிஎஸ் ஓவர்லோட் எண்டு கத்திப்போட்டு உடனை நிக்கும். யூபிஎஸ் வைச்சதே அதுக்குத்தானே.

ஆக கார்ட் இரண்டு பதினைஞ்சு, சப்ளை, யூபிஎஸ், மொனிற்றர். கூட்டிப் பாரும்.

யூலை 31

கரண்ட் பில்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் கதைக்கிறன், ஏனெண்டால் பில் கட்டுறது அனேகமா நீர் இல்லை, அப்பா.

3090 ஓட கம்பியூட்டர் முழுதும் 500 வாட்ஸ் எண்டு வையும். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் விளையாடினால் 2 யூனிற். மாசம் 60 யூனிற். இப்ப உங்கடை வீட்டிலை 110 யூனிற் எரியுதெண்டால் அது 170 ஆகும். எங்கடை பில் படிப்படியாத்தானே ஏறுறது. 60, 90, 120, 180 எண்டு ஒவ்வொரு படி. படி தாண்டத் தாண்டக் கூடின விலைக்குத்தான் அந்த யூனிற்றுகள் வரும், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே கடைசியாக் கூட்டின அந்த 60 யூனிற்றும் வீட்டின்ரை ஆகக் கூடின விலை யூனிற்றுகள். இதைச் சராசரி விலையிலை பெருக்கிக் கணக்குப் பாக்கக் கூடாது.

இதோடை அடுத்த தலைமுறைக் கார்ட் 4070 சூப்பரை ஒப்பிட்டுப் பாரும், அது 220 வாட்ஸ். முழுக் கம்பியூட்டரும் 350 அளவிலை நிக்கும். அதே நாலு மணித்தியாலத்துக்கு மாசம் 42 யூனிற். கேமிலை வேகம் 3090 ஓடை ஏறக்குறைய ஒண்டு.

பிறகு அறை. 500 வாட்ஸ் உள்ளுக்குப் போனால் 500 வாட்ஸும் சூடாத்தான் வெளியிலை வரும், வேறை எங்கையும் போகாது. சித்திரை வைகாசியிலை, ஏசி இல்லாத அறையிலை, மேலை அஸ்பெஸ்டஸ் கூரையெண்டால் நாலு மணித்தியாலம் இருந்து பாரும். இணையத்திலை காட்டுற சூட்டுக் கணக்கெல்லாம் அனேகமா 21, 22 பாகை அறையிலை எடுத்தது. எங்கடை அறை 33 எண்டால் கார்ட்டின்ரை எல்லா இலக்கத்திலையும் பத்துப் பாகைக்கு மேலை கூட்டிப் பாக்கோணும். அங்கை மெமரி 98 எண்டு காட்டுற கார்ட் இஞ்சை 108. இதை நான் கனபேருக்குச் சொல்லியிருக்கிறன், ஒருத்தரும் காதிலை போடுறேல்லை.

யூலை 31, பின்னேரம்

அண்டர்வோல்ட் (கார்ட்டுக்குப் போற வோல்ட்டேஜைக் குறைக்கிறது) செய்யலாமே எண்டு கேட்டவருக்கு: ஓம், செய்யலாம், செய்யவும் வேணும். அதைவிட லேசான வழி பவர் லிமிற், 3090 இன்ரை பவர் லிமிற்றை 80 வீதத்துக்கு இறக்கினால் 280 வாட்ஸ். வேகம் ஐஞ்சு வீதம் அளவிலைதான் குறையும். நான் என்ரை 3080 ஐ அப்பிடித்தான் ஓட்டுறன். ஆனால் மெமரிச் சூடு அதாலை பெரிசாக் குறையாது, மெமரி அதே வேகத்திலைதான் ஓடுது.

ஓகஸ்ட் 3

நல்லூர்க் கோயில் கொடியேறினதோடை ஊர் முழுக்க வெளிநாட்டுச் சனம். இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கினம்: "மாமா கனடாவிலை இருந்து வாறார், அங்கை பாவிச்ச 3090 மலிவாம், கொண்டு வரச் சொல்லட்டோ?"

நல்ல வழிதான், ஒரு நிபந்தனையோடை. அங்கை ஆராவது ஓட்டிப் பாத்துத்தான் வேண்டோணும். மாமா கம்பியூட்டர் தெரியாத ஆள் எண்டால் அவரை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. அவர் ஆசையாக் கொண்டு வந்து தருவார், ஓடாட்டி நீங்களும் சொல்லமாட்டியள், அவரும் அறியமாட்டார், அந்தக் காசு அப்பிடியே போகும். அங்கை வளர்ந்த மச்சான் ஒருத்தன் இருந்தால் அவனைக் கேளுங்கோ. கைப்பையிலை கொண்டு வரச் சொல்லுங்கோ, செக்கின் பையிலை வேண்டாம்.

அங்கத்தைய வொறண்டி இஞ்சை செல்லும் எண்டு நம்பி வேண்ட வேண்டாம். கனடாவிலை பாவிச்ச கார்ட்டுகளுக்கை ஈவிஜிஏ கனக்க வரும். நல்ல சாமான், மறுக்கேல்லை. ஆனால் அந்தக் கொம்பனி 2022 செப்டெம்பரிலை கார்ட் செய்யிறதையே விட்டிட்டுது. இனிப் புது மொடல் வராது, உதிரி ஃபான் தேடுறதும் கஷ்டம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலை வேண்டிப் பலாலிக்குப் பிளேனிலை கொண்டு வரலாமோ எண்டும் ஒருத்தர் கேட்டார். புதுக் கார்ட் எண்டால் யோசிக்கலாம். பாவிச்சதுக்கு வேண்டாம். திருப்பிக் குடுக்கக் கடல் தாண்டோணும்.

ஓகஸ்ட் 5

இதுக்குள்ளை ஒரு பெரியவர் 1080 டிஐ எடு தம்பி, மலிவு, அது ராசா எண்டு எழுதியிருக்கிறார். 2017 இலை ராசாதான். நானும் அதிலை ஆசைப்பட்ட ஆள். ஆனால் இப்ப ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலைக் கார்ட்டே கணக்குப் பாக்கிற வசதி) இல்லாமல் தொடங்கவே மாட்டன் எண்டுற கேமுகள் வரத் தொடங்கிட்டுது. 2024 டிசம்பரிலை வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாசம் வந்த டூம் இரண்டும் அப்பிடித்தான். அதோடை 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக் கார்ட்டுகளுக்கு 2025 ஒக்டோபரோடை கேம் டிரைவர் (கார்ட்டை இயக்கிற மென்பொருள்) நிப்பாட்டுறம், பிறகு 2028 ஒக்டோபர் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் எண்டு என்விடியா இப்பத்தான் அறிவிச்சிருக்கு. வலரண்ட், சிஎஸ்2 மட்டும் விளையாடுற பெடியனுக்கு இன்னும் காணும். தம்பிக்குக் காணாது.

3090 க்கு டிரைவர் தொடர்ந்து வரும். படத்தை ஏஐயாலை தெளிவாக்கிற என்விடியாவின்ரை வசதி டிஎல்எஸ்எஸ் 4, அதின்ரை புதுப் படத் திருத்தமும் 3090 இலை ஓடும். நடுவிலை புதுப் பிறேமை உண்டாக்கிற பிறேம் ஜெனரேசன் மட்டும் 40 தொடரிலை இருந்துதான், 3090 க்குக் கிடையாது. ஏஎம்டியின்ரை எஃப்எஸ்ஆர் 3 அதைச் செய்யும், கேம் அதை ஆதரிச்சால்.

ஓகஸ்ட் 9

தம்பி கொழும்புக்குப் போகத்தான் போறாராம். கம்பஸ் அலுவலா அண்ணன்காரன் போறான், தானும் கூடப் போய்ப் பாக்கப் போறன் எண்டு எழுதியிருக்கிறார். சரி, போறதெண்டால் வடிவாப் பாரும். விக்கிறவரின்ரை வீட்டிலை, அவற்றை கம்பியூட்டரிலை, கேசிங் மூடின நிலையிலை ஓட்டிப் பாக்க விடுவாரோ எண்டு போன் அடிச்சு முதலே கேளும். விடமாட்டன் எண்டால் போகவே வேண்டாம், அதிலையே பதில் கிடைச்சிட்டுது.

போன உடனை ஓட்டாதையும். முதல் கார்ட்டைக் கழட்டிக் கையிலை எடும். டோர்ச் அடிச்சு ஹீட்சிங்கின்ரை தகடுகளுக்கு நடுவிலை பாரும். தூசி இருந்தால் பரவாயில்லை, தூசி இயல்பு. துளிகூடத் தூசி இல்லாமல் இருந்து, திருகாணி மட்டும் துருப் பிடிச்சு, தகடுகளிலை வெள்ளைப் பூப் பூத்த மாதிரி இருந்தால் அதைத் தண்ணியடிச்சுக் கழுவியிருக்கினம். அல்லது கடற்கரை வீட்டிலை இருந்திருக்கும். வெள்ளவத்தையெண்டால் இரண்டாவதுக்கும் நல்ல இடமிருக்கு, குருநகர், பருத்தித்துறை மாதிரித்தான், உப்புக் காத்து ஒண்டையும் விடாது. எங்கடை சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் இருந்து வாற கார்ட்டுகளிலை செம்மண் அப்பியிருக்கும். பாக்க அழுக்கு, ஆனால் தூரிகையாலை போயிடும். உப்பு அப்பிடிப் போகாது.

பின்தகட்டின்ரை ஓரத்திலை எண்ணெய் கசிஞ்சிருக்கோ எண்டு பாரும். அது பாட்டிலை இருந்து வாற சிலிக்கன் எண்ணெய், கார்ட் பழுது எண்ட அர்த்தம் இல்லை, ஆனால் கனகாலம் சூட்டிலை இருந்திருக்கு. திருகாணித் தலை தேய்ஞ்சிருந்தால் ஆரோ கழட்டியிருக்கினம். ஏன் எண்டு கேளும். "பாட் மாத்தினனான்" எண்டால் நல்லது, என்ன தடிப்பு எண்டு கேளும். மாத்தினவனுக்கு ஞாபகம் இருக்கும், ஏனெண்டால் தடிப்புப் பிழைச்சால் ஹீட்சிங் கோரிலை சரியாப் பொருந்தாது. நான் என்ரை 3080 க்கு மாத்தேக்கை பாட்டைக் கொழும்பிலை இருந்து எடுப்பிச்சனான், தடிப்பு அறியிறதுக்கே ஒரு பின்னேரம் போனது.

பவர் கனெக்டருக்குள்ளை பிளாஸ்ரிக் உருகின அடையாளம், கறுப்பு இருக்கோ எண்டு பாரும். ஃபானை விரலாலை சுத்திப் பாரும், கரகரக்கக் கூடாது.

பிறகு ஓட்டும். ஜீபீயூ இசட் எண்ட மென்பொருளைத் திறந்தால் 10,496 கோர், 24 ஜீபீ எண்டு காட்டோணும். போலிக் கார்ட் எண்டால் "இது போலி" எண்டு அந்த மென்பொருளே எழுதிக் காட்டும். எச்டபிள்யூ இன்ஃபோ எண்ட மென்பொருளைத் திறந்து மெமரி ஜங்சன் சூட்டை, அதாவது மெமரிச் சிப்புக்கு உள்ளுக்கிருக்கிற சூட்டை, கண்ணுக்கு முன்னாலை வையும். சூப்பர்பொசிசன் எண்ட சோதனை மென்பொருளை 4கே இலை விட்டிட்டுத் தேத்தண்ணி தந்தால் குடியும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடோணும். முதல் ஐஞ்சு நிமிசத்தை நம்பாதையும், பின்தகடு சூடேற நேரம் எடுக்கும். திரையிலை புள்ளி, கோடு, நிறம் மாறின சதுரம் ஒண்டு வந்தாலும் எழும்பி வாரும். கடைசியா ஓசிசிடி எண்ட மென்பொருளின்ரை மெமரிச் சோதனை. அதிலை பிழை பூச்சியமா இருக்கோணும். "ஒண்டிரண்டுதானே" எண்டு ஆராவது சொன்னால் கேக்காதையும்.

ஓகஸ்ட் 10

ஒண்டு விட்டுப் போச்சு. ஹொட்ஸ்பொட் எண்டு ஒரு சூடு காட்டும், அது கோரிலை ஆகச் சூடான இடத்தின்ரை சூடு. கோர்ச் சூட்டுக்கும் அதுக்கும் 10, 15 பாகை வித்தியாசம் இருக்கிறது இயல்பு. 20 ஐத் தாண்டினால் அனேகமா உள்ளுக்குப் பேஸ்ற் (கோருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலை பூசுற பசை) வழிஞ்சு போயிட்டுது. பேஸ்ற் மாத்தலாம், பெரிய செலவில்லை. ஆனால் விலை பேச அது உதவும்.

சத்தம் ஒண்டு வரும், கீச்சிட்ட மாதிரி, கேமிலை பிறேம் கூடேக்கை. அது கொயிலின்ரை சத்தம், பழுதில்லை. இரவிலை ஒரே அறையிலை தம்பி தங்கச்சி படுக்கிறதெண்டால் மட்டும் யோசியும்.

ஓகஸ்ட் 16

போய்ப் பாத்திட்டார். அவர் போட்ட படங்களை வைச்சு எழுதுறன்.

முதல் ஒண்டைச் சொல்லோணும், விக்கிறவர் நல்ல மனுசன். கழட்டிப் பாக்க விட்டிருக்கிறார், ஓட்டிப் பாக்க விட்டிருக்கிறார், மதியச் சாப்பாடும் குடுத்திருக்கிறார். அவரும் 2023 இலை இன்னொருத்தரிட்டைப் பாவிச்சதாத்தான் வேண்டியிருக்கிறார். தான் கேம் மட்டும் விளையாடினது உண்மை. அதுக்கு முதல் என்ன நடந்ததெண்டு அவருக்கே தெரியாது. கேள்வியிலை "மைனிங் செய்யேல்லை" எண்டு வந்ததின்ரை முழுக்கதை இதுதான்.

கோர் 74. ஹொட்ஸ்பொட் 98. மெமரி பத்து நிமிசத்திலை 106, அரை மணித்தியாலத்துக்கு முதலே 110, அதோடை வேகம் இறங்கத் தொடங்கியிருக்கு. அதுவும் ஏசி போட்ட அறையிலை. ஓசிசிடியிலை பிழை இல்லை.

ஆக, சிப் சாகேல்லை. பாட்டும் பேஸ்ற்றும் போயிட்டுது. ஒண்டு தொண்ணூற்றைஞ்சுக்கு இறங்கியிருக்கிறார். தம்பி காசு குடுக்காமல் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வந்திருக்கிறார். அதுக்கு நான் சந்தோசப்பட்டன்.

ஓகஸ்ட் 17

நேற்றிலை இருந்து கன பேர் எழுதியிருக்கினம், பாட் மாத்தினால் சரிதானே, ஒண்டு தொண்ணூற்றைஞ்சுக்கு எடுக்கச் சொல்லுங்கோ எண்டு. இரவு நானும் அதையே யோசிச்சன். என்ரை கையிலை அந்தக் கார்ட் வந்தால் நான் எடுப்பன். பாட் மாத்தத் தெரியும், சப்ளை 850 இருக்கு, 4கே ரீவியிலை விளையாடுறன். தம்பிக்கு அது ஒண்டும் இல்லை. ஒரே கார்ட், ஒரே விலை, ஒருத்தருக்குச் சரி மற்றவருக்குச் சரியில்லை.

இன்னொண்டு. ஐஞ்சு வருசக் கார்ட் இன்னும் ஏன் இந்த விலை நிக்குது? கேமுக்காக இல்லை. வீட்டிலை வைச்சு ஏஐ மொடல் ஓட்டுற ஆக்களுக்கு 24 ஜீபீ மெமரிதான் தேவை, அவைக்கு இதைவிட மலிவா என்விடியாவிலை 24 ஜீபீ கிடைக்கிறது கஷ்டம். அவையின்ரை போட்டியாலை விலை இறங்காமல் நிக்குது. 1440பீ கேமுக்கு இண்டைக்கு 12, 16 ஜீபீ காணும். மிச்ச 8 ஜீபீக்கும் தம்பி காசு குடுக்கிறார், அது ஒருநாளும் நிரம்பாது. கம்பஸிலை ஏஐ படிக்கப் போறன் எண்டால் சொல்லும், அப்ப என்ரை பதில் வேறை.

ஆனால் அவர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி முடிச்சது வர்த்தகப் பிரிவிலை. அதை அறிஞ்சுதான் இந்தப் பதிலை எழுதினனான்.

ஓகஸ்ட் 18

4090 பாவிச்சது ஒண்டு, நம்ப முடியாத மலிவு எண்டு லிங்க் அனுப்பினவருக்கு: தொடாதையுங்கோ. கோரையும் மெமரியையும் கழட்டி எடுத்துப்போட்டு வெறும் போர்ட்டைத் திரும்ப மூடி விக்கிறது உலகத்திலை நடக்குது. அந்தச் சிப்புகளை வேறை போர்ட்டிலை ஏத்தி ஏஐக்கு விக்கினம். வெளியிலை பாக்கப் புதுசு மாதிரி இருக்கும், பாரமும் ஏறக்குறைய அதே பாரம். ஓடுறதைக் கண்ணாலை காணாமல் 4090 க்கு ஒரு சதமும் குடுக்க வேண்டாம்.

ஓகஸ்ட் 24

நல்லூர்த் தேர் முடிஞ்சு இரண்டு நாளிலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை ஒரு 4070 சூப்பர் விலைக்கு வந்தது. பாவிச்சது ஒரு கம்பஸ் பெடியன், வெளிநாடு போறான். 2024 யூனிலை வேண்டின பில் இருக்கு, கடை ஒட்டின வொறண்டி ஸ்ரிக்கர் கிழியாமல் இருக்கு, மூண்டு வருசத்திலை இன்னும் பாதிக்கு மேலை மிச்சம். ஒண்டு எண்பத்தைஞ்சு. தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். நாற்பது நிமிசம் ஓட விட்டம், ஃபான் ஓடுற சத்தமே கேக்கேல்லை. ஏசி இல்லாத அறை. கோர் 68, ஹொட்ஸ்பொட் 81, ஓசிசிடி பூச்சியம்.

வேண்டியாச்சு.

பில்லிலை இருக்கிற சீரியல் நம்பரும் கார்ட்டிலை இருக்கிறதும் ஒண்டோ எண்டு பாத்து, பில்லின்ரை பின்பக்கத்திலை பெடியனின்ரை கையெழுத்தும் வேண்டினம். ஆனால் வொறண்டியை முதல் வேண்டினவருக்கு மட்டும் குடுக்கிற கடையளும் இருக்கு. அதாலை அங்கை இருந்தபடியே கடைக்குப் போன் அடிச்சுக் கேட்டம். பில்லும் ஸ்ரிக்கரும் இருந்தால் ஆர் கொண்டு வந்தாலும் சரி எண்டிச்சினம். காசு அதுக்குப் பிறகுதான் கைமாறினது.

சப்ளை புதுசா 650 வாட்ஸ் எடுத்தார், இந்தக் கார்ட்டுக்கு அது காணும். பழைய யூபிஎஸ்ஸோடை இப்ப ஓடுது, ஆனால் விளிம்பிலை நிக்குது. மொனிற்றருக்கு முதல் யூபிஎஸ்ஸை மாத்தச் சொல்லியிருக்கிறன். அதுக்கு முதல் இன்னொரு வேலை: இந்தக் கார்ட்டின்ரை புது மாதிரிப் பவர் கனெக்டரை கிளிக் எண்ட சத்தம் கேக்கும் வரைக்கும் அமத்தி, வயரைக் கனெக்டருக்குக் கிட்ட மடிக்காமல் விடோணும். அனேகமா பாதி ஏறின கனெக்டர்தான் உருகுறது.

வெள்ளவத்தைக்காரருக்குத் தம்பி போன் அடிச்சு வேண்டேல்லை எண்டு சொல்லி, பாட் மாத்தச் சொல்லியும் சொன்னவராம். நல்ல வேலை. பாட் மாத்தினால் அவருக்கும் நல்ல விலை வரும், வேண்டிறவருக்கும் நல்ல கார்ட் கிடைக்கும்.

செப்டெம்பர் 6

பாவிச்ச 3080 டிஐ 12 ஜீபீ எப்பிடி எண்டு கேட்டவருக்கு. 350 வாட்ஸ். 3090 க்குச் சொன்ன சப்ளை, சொன்ன யூபிஎஸ், சொன்ன அறைச் சூடு எல்லாம் இதுக்கும். மெமரி முழுக்க முன்பக்கத்திலை, அது ஒரு நிம்மதி. கேமிலை வேகம் 3090 க்குப் பக்கத்திலை. 4070 சூப்பரைவிட நல்லாக் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சு, சப்ளையும் ஏற்கனவே இருந்தால் எடுங்கோ. மானிப்பாயிலை நீங்கள் சொன்ன அந்தக் கார்ட்டை ஓட்டிப் பாக்க விடுவினமெண்டால் சனிக்கிழமை பின்னேரம் நானும் வரலாம்.